என். பி. ஏ. அணிகளின் சந்தை அளவும் இரசிகர் ஆதரவும்

சந்தை அளவு என்பது ஒரு தொழில்முறை விளையாட்டு அணி, தான் அமைந்துள்ள நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை பேரைப் பார்வையாளராகவும் வாடிக்கையாளராகவும் பெறக்கூடும் என்பதைக் குறிக்கும் அளவாகும். இரசிகர் ஆதரவு என்பது அவ்வாறு கிடைக்கக்கூடியவர்களுள் எத்தனை பேர் உண்மையில் அரங்கிற்கு வருகின்றனர், தொலைக்காட்சியில் பார்க்கின்றனர், அணி தோற்கும் காலத்திலும் விலகாமல் இருக்கின்றனர் என்பதைக் குறிக்கும். வட அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் (என். பி. ஏ.) 30 அணிகள் உள்ளன. அவற்றுள் 29 ஐக்கிய அமெரிக்காவிலும், ஒன்று கனடாவின் டொராண்டோ நகரிலும் உள்ளன. இவ்வணிகளைப் பற்றிய செய்திகளில் "பெரிய சந்தை", "சிறிய சந்தை" என்னும் சொற்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. சிறிய சந்தையில் அணி நிலைக்காது, இரசிகர்கள் திரண்டு வந்தால் அணி நிலைக்கும் என்ற இரண்டு கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. 1988 முதல் நடந்த நிகழ்வுகளை நோக்கினால் இரண்டுமே முழுமையாகச் சரியல்ல என்பது புலப்படும். ஓர் அணி ஓர் ஊரில் தங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அரங்கமும், அதற்கான செலவை யார் ஏற்பது என்பதுமே ஆகும்.

சந்தை அளவைக் கணக்கிடும் முறைகள்

சந்தையை அளக்க முக்கியமாக இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்படுத்தப்படும் பெருநகர்ப் பகுதி. 2020 கணக்கெடுப்பின்படி நியூயார்க் பெருநகர்ப் பகுதியில் சுமார் 2.01 கோடி பேரும், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1.32 கோடி பேரும், சிகாகோ பகுதியில் 96 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். மறுமுனையில் ஓக்லஹோமா சிட்டி 14 இலட்சம், மெம்பிசு 13 இலட்சம், நியூ ஓர்லியன்சு, சால்ட் லேக் சிட்டி ஆகியவை ஒவ்வொன்றும் 13 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. அதாவது மிகப்பெரிய சந்தைக்கும் மிகச்சிறிய சந்தைக்கும் இடையே ஏறத்தாழ 16 மடங்கு வேறுபாடு உள்ளது.

இரண்டாவது முறை தொலைக்காட்சிச் சந்தை. நீல்சன் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தொலைக்காட்சி உள்ள வீடுகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. விளம்பரக் கட்டணமும் உள்ளூர் ஒளிபரப்பு உரிமைத் தொகையும் இதை ஒட்டியே அமைவதால், அணி உரிமையாளர்கள் இந்தப் பட்டியலையே அதிகம் நோக்குவர். இதிலும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ ஆகியவை முதல் மூன்று இடங்களில் உள்ளன. மெம்பிசும் நியூ ஓர்லியன்சும் ஐம்பதாவது இடத்தை ஒட்டி உள்ளன.

நகரத்தின் அளவும் சந்தையின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு சான் அன்டோனியோ நல்ல எடுத்துக்காட்டு. மாநகர எல்லைக்குள் வாழும் மக்கள்தொகையைக் கொண்டு பார்த்தால் அது ஐக்கிய அமெரிக்காவின் ஏழாவது பெரிய நகரம். ஆனால் எல்லைக்கு வெளியே புறநகர்கள் அதிகம் இல்லாததால் தொலைக்காட்சிச் சந்தைப் பட்டியலில் முப்பதாவது இடத்தை ஒட்டியே வருகிறது. மேலும் ஒரே சந்தையை இரண்டு அணிகள் பகிரும் இடங்களும் உள்ளன. நியூயார்க்கில் நிக்சும் புரூக்ளின் நெட்சும், லாஸ் ஏஞ்சலசில் லேக்கர்சும் கிளிப்பர்சும் இயங்குகின்றன. அங்கு மக்கள்தொகையை இரண்டால் வகுத்து விடலாமா என்றால், முடியாது. லாஸ் ஏஞ்சலசு இரசிகர்கள் ஒருபோதும் சரிபாதியாகப் பிரிந்ததில்லை.

இரசிகர் ஆதரவை அளத்தல்

இரசிகர் ஆதரவை அளப்பது இதைவிடக் கடினம். பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும் எண் வருகைப்பதிவு ஆகும். ஒவ்வொரு அணியும் வழக்கமான பருவத்தில் விளையாடும் 82 ஆட்டங்களுள் 41 சொந்த அரங்கில் நடைபெறும். அவற்றுக்கு வந்தோரின் சராசரியே ஒப்பிடப்படுகிறது. ஆனால் அறிவிக்கப்படும் வருகை என்பது வழங்கப்பட்ட நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையே. வாயிலைக் கடந்து உள்ளே வந்தோரின் எண்ணிக்கை அன்று. சீட்டு வாங்கியவர் வராமற் போனாலும் அவர் வந்தவராகவே கணக்கில் சேர்வார்.

அரங்கின் கொள்ளளவும் கணக்கைக் குழப்பும். சிகாகோ புல்ஸ் அணியின் யுனைட்டட் சென்டர் ஏறத்தாழ 21,000 இருக்கைகள் கொண்டது. எனவே அந்த அணி தோற்ற பருவங்களிலும் வருகைப்பட்டியலின் உச்சியில் நின்றது உண்டு. போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி 1977 முதல் 1995 வரை தொடர்ந்து 814 சொந்த ஆட்டங்களுக்கு எல்லாச் சீட்டுகளையும் விற்றது. எனினும் அந்த அரங்கில் சுமார் 12,700 பேரே அமர முடியும் என்பதால் சராசரி வருகைப்பட்டியலில் அது நடுவிலோ கீழேயோதான் நின்றது. இருக்கைகள் நிரம்பிய விகிதத்தைப் பார்த்தால் படம் தலைகீழாகும்.

ஆதரவின் ஆழத்தை அறிய அணி தோற்கும் பருவங்களைப் பார்ப்பதே பயன் தரும். வெற்றி பெறும் அணிக்கு எவ்வூரிலும் கூட்டம் வரும். 2023 ஜனவரி 13 அன்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் தன் பழைய அரங்கான அலமோடோமில் கோல்டன் ஸ்டேட் வாரியர்சை எதிர்கொண்ட ஆட்டத்திற்கு 68,323 பேர் வந்தனர். இது என். பி. ஏ. வழக்கமான பருவ ஆட்டங்களில் புதிய சாதனை. அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸ் 82 ஆட்டங்களுள் வென்றவை 22 மட்டுமே. எதிரணியின் புகழும், அணி அந்நகருக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு விழாவும் கூட்டத்தைப் பெருக்கின என்பது உண்மையே. ஆயினும் முப்பதாவது இடத்துச் சந்தை ஒன்று இவ்வெண்ணிக்கையை எட்டியது குறிப்பிடத்தக்கது.

பெரிய சந்தையும் வெற்றியும்

பெரிய சந்தை வெற்றியைத் தானாகக் கொண்டு வருவதில்லை. நியூயார்க் நிக்ஸ் நாட்டின் முதல் சந்தையில், மாடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் புகழ்பெற்ற அரங்கில் விளையாடும் அணி. அது 1973இல் கோப்பை வென்றபின் 2025 வரையிலான 52 ஆண்டுகளில் மீண்டும் வெல்லவில்லை. அதே காலத்தில் சான் அன்டோனியோ 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை கோப்பை வென்றது.

இதில் லாஸ் ஏஞ்சலஸ் ஒரு தனி ஆய்வுக்கூடம் போன்றது. சந்தை ஒன்று, அணிகள் இரண்டு. லேக்கர்ஸ் 1960இல் மினியாப்பொலிசிலிருந்து வந்தது. 2020 வரை அந்நகரில் 12 கோப்பைகளை வென்றது. கிளிப்பர்ஸ் 1970இல் பஃபலோவில் தொடங்கி, 1978இல் சான் டியேகோவுக்கும், 1984இல் லாஸ் ஏஞ்சலசுக்கும் இடம்பெயர்ந்தது. 1999 முதல் 2024 வரை இரண்டும் ஒரே அரங்கைப் பகிர்ந்தன. ஊர், அரங்கு, வானிலை, தொலைக்காட்சி வீடுகள் யாவும் ஒன்றே. ஆயினும் கிளிப்பர்ஸ் மாநாட்டு இறுதிச்சுற்றை முதன்முதலாக எட்டியது 2021இல்தான். 2012-13 பருவத்தில் தொடங்கிய லேக்கர்சின் 20 ஆண்டு உள்ளூர் ஒளிபரப்பு உடன்பாட்டின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர் அல்லது அதற்கும் மேல் எனச் செய்திகள் மதிப்பிட்டன. கிளிப்பர்சுக்கு அதன் அருகில் வரக்கூடிய தொகை கிடைக்கவில்லை. பல ஆண்டுகளாக ஊறிய பற்றை மக்கள்தொகை அட்டவணை காட்டாது.

எனினும் சந்தை அளவு அணியின் விலையில் தெளிவாகத் தெரியும். தோல்வி வரலாறு கொண்ட கிளிப்பர்சை 2014இல் ஸ்டீவ் பால்மர் 200 கோடி டாலருக்கு வாங்கினார். அதே ஆண்டில் மில்வாக்கி பக்ஸ் 55 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கோப்பை வென்ற வரலாறு மில்வாக்கிக்கே உண்டு. ஆனால் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு லாஸ் ஏஞ்சலசு முகவரிக்கே கிடைத்தது.

சார்லட், 1988-2002

இரசிகர் கூட்டம் மட்டும் அணியைக் காப்பாற்றாது என்பதற்கு சார்லட் நகரம் முதல் சான்று. வட கரோலினா மாநிலத்தில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் மிகவும் புகழ்பெற்றது. 1988இல் தொடங்கப்பட்ட சார்லட் ஹார்னெட்ஸ் அணி ஏறத்தாழ 24,000 இருக்கைகள் கொண்ட அரங்கில் தொடர்ந்து 364 ஆட்டங்களுக்கு எல்லாச் சீட்டுகளையும் விற்றது. தொடக்கப் பருவங்கள் பலவற்றில் வருகையில் அதுவே முதலிடம் பெற்றது.

ஆனால் அந்த அரங்கில் நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் சொகுசு அறைகள் மிகக் குறைவு. 1990களில் கட்டப்பட்ட புதிய அரங்குகளின் வருமானத்தில் பெரும்பங்கு அத்தகைய அறைகளிலிருந்தே வந்தது. திறந்து பத்தாண்டுகளே ஆன நிலையில் அரங்கம் பொருளாதார அளவில் பழையதாகிவிட்டது. உரிமையாளர் ஜார்ஜ் சின் மீது ஊர்மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்பும் சேர்ந்துகொள்ள, வருகை சரிந்தது. 2001இல் நடந்த வாக்கெடுப்பில் பொதுப் பணத்தில் புதிய அரங்கம் கட்டும் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தனர். 2002இல் அணி நியூ ஓர்லியன்சுக்குச் சென்றது. அதாவது சார்லட்டைவிடச் சிறிய சந்தைக்குச் சென்றது. 2004இல் சார்லட்டிற்கு வேறொரு அணி வழங்கப்பட்டது. 2014 முதல் அவ்வணி பழைய ஹார்னெட்ஸ் பெயரையே மீண்டும் தாங்கியுள்ளது.

சியாட்டிலும் ஓக்லஹோமா சிட்டியும்

சந்தை அளவு பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படுவது சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியின் இடமாற்றம் ஆகும். 1967இல் தொடங்கி 1979இல் கோப்பை வென்ற இவ்வணி 41 பருவங்கள் சியாட்டிலில் விளையாடியது. சியாட்டில் தொலைக்காட்சிச் சந்தை நாட்டின் முதல் பதினைந்துள் ஒன்று. அதன் பெருநகர்ப் பகுதியில் 2020இல் 40 இலட்சம் பேர் வாழ்ந்தனர். மைக்ரோசாஃப்ட், அமேசான், போயிங் என நிறுவனச் செல்வத்திற்கும் குறைவில்லை. இடமாற்றத்திற்குச் சந்தையின் சிறுமையைக் காரணமாகக் கூற இயலாது.

அணி விளையாடிய கீ அரீனா 1995இல்தான் பொதுப் பணத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆயினும் சுமார் 17,000 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கமும் அதன் குத்தகையும் போதிய வருவாய் தரவில்லை என அப்போதைய உரிமையாளர், ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் ஹாவர்ட் சுல்ட்ஸ் தலைமையிலான குழுவினர், முறையிட்டனர். புதுப்பிப்புக்குப் பொதுப் பணம் கிடைக்காத நிலையில், 2006 ஜூலையில் அணியை 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த கிளே பென்னட் குழுவினருக்கு விற்றனர். அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரவுடன், ஒரு முன்மொழிவை நிறைவேற்றினர். விளையாட்டு அரங்குகளில் நகரம் முதலிடும் பணத்திற்கு, குறைந்தது அரசுக் கடன் பத்திரத்திற்குக் கிடைக்கும் அளவு வருமானமாவது திரும்ப வரவேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு முதலீட்டிடம் கேட்கக்கூடிய மிகக் குறைந்த கோரிக்கை இது. ஆயினும் புதிய அரங்கத்திற்கான வழியை இது ஏறக்குறைய அடைத்துவிட்டது. 2007இல் புறநகரான ரென்டனில் 50 கோடி டாலர் அரங்கம் ஒன்றைப் பென்னட் முன்மொழிந்தார். மாநிலச் சட்டமன்றம் இசையவில்லை.

இதற்கிடையே ஓக்லஹோமா சிட்டி எதிர்பாராத ஒரு வாய்ப்பில் தன்னை நிறுவிக்கொண்டிருந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்சைச் சிதைத்ததால், ஹார்னெட்ஸ் அணி தற்காலிகமாக ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தது. அங்கு அரங்கம் தயாராக இருந்தது. 1993இல் நகர மக்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட ஒரு சென்ட் விற்பனை வரியைக் கொண்டு, எந்த அணியும் கையில் இல்லாத காலத்திலேயே திட்டமிட்டு, 2002இல் அதைத் திறந்திருந்தனர். அந்த இரவல் அணியின் முதல் பருவ ஆட்டங்களுக்குச் சராசரியாக 18,000க்கும் மேற்பட்டோர் வந்தனர்.

2007 ஆகஸ்டில் பங்குதாரர்களுள் ஒருவரான எரிவாயுத் தொழிலதிபர் ஆப்ரி மெக்லெண்டன், அணியை சியாட்டிலில் வைத்திருப்பதற்காகத் தாங்கள் வாங்கவில்லை என்ற பொருள்பட ஓக்லஹோமா இதழ் ஒன்றிடம் கூறினார். என். பி. ஏ. அவருக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. 2007-08 பருவத்தில் அணி 20 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. வருகை சராசரியாக 13,000 அளவுக்கு இறங்கியது. இந்த எண்ணைக் காட்டி சியாட்டிலில் ஆதரவு இல்லை என்று வாதிடுவோர் உண்டு. போகப்போகும் அணி என்று தெரிந்த பின்னும், நான்கு ஆட்டத்தில் மூன்றைத் தோற்கும் அணிக்கு, 13,000 பேர் பணம் கொடுத்து வந்தனர் என்றும் அதே எண்ணை வாசிக்கலாம்.

குத்தகை 2010 வரை இருந்ததால் நகரம் வழக்குத் தொடுத்தது. 2008 ஜூலையில் தீர்ப்புக்குச் சற்றுமுன் உடன்பாடு ஏற்பட்டது. 4.5 கோடி டாலர் கொடுத்து அணி வெளியேறியது. பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கே விடப்பட்டன. அதற்குமுன் மார்ச் மாதத்திலேயே ஓக்லஹோமா சிட்டி வாக்காளர்கள் அரங்க மேம்பாட்டுக்காகச் சுமார் 12 கோடி டாலர் திரட்டும் விற்பனை வரிக்கு 62 விழுக்காடு ஆதரவளித்திருந்தனர். தண்டர் என்னும் புதுப்பெயருடன் தொடங்கிய அணி முதல் பருவத்தில் 23 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. வருகை 18,000க்குக் குறையவில்லை. 2012இல் இறுதிப் போட்டியை எட்டிய தண்டர், 2025இல் இந்தியானா பேசர்சை 4-3 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அந்த இறுதிப் போட்டியில் மோதிய இரண்டு அணிகளுமே சிறிய சந்தையைச் சேர்ந்தவை.

ஆக, மூன்று மடங்கு பெரிய சந்தை அணியை இழந்தது. சிறிய சந்தை அதைப் பெற்றது. கட்டிமுடித்த அரங்கமும் வரி செலுத்த இசைந்த வாக்காளரும் ஓரிடத்தில் இருந்தனர், மற்றோரிடத்தில் இல்லை என்பதே வேறுபாடு.

சேக்ரமெண்டோ

கலிபோர்னியாவின் தலைநகரான சேக்ரமெண்டோவில் கிங்ஸைத் தவிர வேறெந்தப் பெரும் தொழில்முறை அணியும் நெடுங்காலம் இருந்ததில்லை. 1985இல் கேன்சஸ் சிட்டியிலிருந்து வந்த இவ்வணிக்கு அந்நகரம் காட்டிய பொறுமை வியப்புக்குரியது. 1985-86 முதல் 1997-98 வரை 13 பருவங்களில் ஒன்றில்கூட அணி தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. அதே காலத்தில் தொடர்ந்து 497 ஆட்டங்களுக்குச் சீட்டுகள் முழுமையாக விற்றன. மாட்டுமணிகளை ஒலித்து எதிரணியைத் தடுமாறச் செய்வது இவ்விரசிகர்களின் வழக்கம். கிங்ஸ் 2002இல் மாநாட்டு இறுதிச்சுற்றில் லேக்கர்சிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 2006க்குப் பின் 16 பருவங்கள் பிளே-ஆஃப் சுற்றையே எட்டவில்லை. இது என். பி. ஏ. சாதனை.

2011இல் உரிமையாளர்களான மலூஃப் குடும்பத்தினர் அணியை அனஹைமுக்குக் கொண்டு செல்ல முயன்றனர். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்குக் கொண்டு செல்லவிருந்த குழு ஒன்றுக்கு விற்க உடன்பட்டனர். 2008இல் அணியை இழந்த நகரம், 2013இல் இன்னொரு நகரத்தின் அணியை எடுக்க முன்வந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. நகரத் தந்தையும் முன்னாள் என். பி. ஏ. வீரருமான கெவின் ஜான்சன் மாற்றுக் குழுவைத் திரட்டினார். 2013 மே மாதம் அணி உரிமையாளர்கள் 22-8 என்ற வாக்குக் கணக்கில் இடமாற்றத்தை நிராகரித்தனர். மும்பையில் பிறந்த மென்பொருள் தொழிலதிபர் விவேக் ரணதிவே தலைமையிலான குழு, அணியின் மொத்த மதிப்பை ஏறத்தாழ 53.4 கோடி டாலராகக் கொண்டு வாங்கியது. (2019 அக்டோபரில் இந்தியாவில் முதன்முறையாக நடந்த என். பி. ஏ. காட்சி ஆட்டங்களில், மும்பையில் இந்தியானாவுடன் விளையாடியது இந்த கிங்ஸ் அணியே.)

இதை இரசிகர்களின் வெற்றி எனக் கூறுவது வழக்கம். இரசிகர்கள் போராடினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாக்கெடுப்புக்குமுன் நகர மன்றம் புதிய அரங்கத்திற்குச் சுமார் 25 கோடி டாலர் பொதுப் பங்களிப்பை ஏற்றிருந்தது. அதில் பெரும்பகுதி நகர வாகன நிறுத்துமிட வருமானத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரங்கள். அந்த ஒப்புதல் இல்லாமல் 497 நிரம்பிய ஆட்டங்கள் போதுமானவையாக இருந்திருக்குமா என்பதற்கு சார்லட்டின் 364 ஆட்டங்கள் விடை கூறுகின்றன. அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. 2023இல் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குத் திரும்பியது.

அரங்கச் செலவும் சந்தை அளவும்

மேற்கண்ட நிகழ்வுகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முரண் தென்படுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2019இல் திறக்கப்பட்ட வாரியர்ஸ் அரங்கமும், லாஸ் ஏஞ்சலசை அடுத்த இங்கிள்வுட்டில் 2024இல் திறக்கப்பட்ட கிளிப்பர்ஸ் அரங்கமும் தனியார் பணத்தில் கட்டப்பட்டவை. இரண்டாவதன் செலவு சுமார் 200 கோடி டாலர். பெரிய சந்தையில் அரங்கம் தன் செலவைத் தானே மீட்கும். வேறிடம் செல்வதாகச் சொன்னாலும் எவரும் நம்பமாட்டார். (பெரிய சந்தைகளுக்குச் சலுகையே இல்லை என்று கொள்ளக்கூடாது. மாடிசன் ஸ்குவேர் கார்டன் 1982 முதல் சொத்துவரி விலக்கு பெற்று வருகிறது.)

சிறிய சந்தைகளில் நிலை வேறு. மில்வாக்கியில் 2014இல் அணி விற்கப்பட்டபோது, 2017க்குள் புதிய அரங்கம் உறுதியாகாவிட்டால் அணியைச் சங்கமே திரும்ப வாங்கலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. 2015இல் விஸ்கான்சின் மாநிலம் 25 கோடி டாலர் பொதுப் பங்களிப்புக்குச் சட்டம் இயற்றியது. 2021இல் அணி கோப்பை வென்ற இரவில் அரங்கிற்கு வெளியே சுமார் 65,000 பேர் கூடியிருந்தனர். சான் அன்டோனியோவில் 2025 நவம்பரில் பெக்சார் கவுண்டி வாக்காளர்கள் புதிய ஸ்பர்ஸ் அரங்கத்திற்கான பொது நிதிக்கு ஒப்புதல் அளித்தனர்.

ஓக்லஹோமா சிட்டி மீண்டும் ஒருமுறை வாக்களித்தது. 2023 டிசம்பரில் 71 விழுக்காட்டினர், குறைந்தது 90 கோடி டாலர் செலவிலான புதிய அரங்கத்திற்காக ஆறு ஆண்டுகளுக்கு ஒரு சென்ட் விற்பனை வரியை ஏற்றனர். அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி டாலர். அதற்கு ஈடாக 2050 வரை அணி அங்கு தங்கும். 2020 கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்வோர் 6.81 இலட்சம். எளிய வகுத்தலில் தலைக்கு 1,300 டாலருக்கு மேல் வரும். வெளியூரிலிருந்து வந்து பொருள் வாங்குவோரும் இவ்வரியில் ஒரு பகுதியைச் செலுத்துவர் என்பதால் உண்மைச் சுமை இதனினும் குறையும். எனினும் விற்பனை வரி கூடைப்பந்தாட்டம் பார்க்காதவரிடமும், குறைந்த வருமானம் உள்ளவரிடமும் சமமாகவே பெறப்படும்.

அரங்கத்தால் ஊர்ப் பொருளாதாரம் வளரும் என்பது ஆதரவாளர் வாதம். விளையாட்டுப் பொருளாதாரத்தை ஆராய்ந்தோருள் பெரும்பான்மையினர் இதை ஏற்பதில்லை. ஆட்டத்திற்குச் செலவிடும் குடும்பம் அதே பணத்தை ஊரிலுள்ள திரையரங்கிலோ உணவகத்திலோ செலவிட்டிருக்கும் என்பது அவர்கள் கூறும் முதன்மைக் காரணம். ஊர்ப்பெருமை, நாட்டின் வரைபடத்தில் தம் நகரின் பெயர் தெரிவது போன்றவற்றுக்கு மக்கள் விலை கொடுக்கின்றனர் என்றால் அது வேறு செய்தி. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த விலை, பற்று மிகுந்த ஊரிலேயே மிகுதியாகக் கேட்கப்படுகிறது. இழந்துவிடுவோமோ என்ற அச்சம் லாஸ் ஏஞ்சலசில் இல்லை, ஓக்லஹோமா சிட்டியில் உண்டு.

வருவாய்ப் பகிர்வு

களத்தில் சந்தை அளவின் ஆதிக்கம் குறைந்திருப்பதற்குச் சங்கத்தின் நிதி விதிகள் முக்கியக் காரணம். 2011இல் உரிமையாளர்-வீரர் தகராறால் பருவம் தாமதமானது. அதன் பின்னர் அணிகள் தம் வருவாயில் ஒரு பகுதியைப் பொது நிதியில் செலுத்தி, சிறிய சந்தைகள் அதிலிருந்து பெறும் முறை விரிவாக்கப்பட்டது. அதைவிடப் பெரியது தேசிய ஒளிபரப்புப் பணம். 2025-26 பருவத்தில் தொடங்கிய 11 ஆண்டு உடன்பாடுகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 7,600 கோடி டாலர். ஆண்டுச் சராசரியை 30 அணிகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஓர் அணிக்கு 23 கோடி டாலர் வரும். தொகை ஆண்டுதோறும் உயர்வதால் தொடக்க ஆண்டுகளில் இதைவிடக் குறையும். அதே பருவத்தில் ஓர் அணியின் வீரர் ஊதிய உச்சவரம்பு சுமார் 15.5 கோடி டாலர். மெம்பிசும் நியூயார்க்கும் ஒரே அளவு பெறும் இந்தப் பணம் மட்டுமே ஊதியத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும்.

உள்ளூர் ஒளிபரப்பு இதற்கு நேர்மாறான நிலையில் உள்ளது. பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பிய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. பீனிக்ஸ் சன்ஸ், யூட்டா ஜாஸ் ஆகிய அணிகள் அவ்வாண்டிலேயே கட்டணமில்லாத வான்வழி ஒளிபரப்புக்கு மாறின. அவ்வழியில் பணம் குறைவு, பார்ப்போர் மிகுதி.

சியாட்டிலின் எதிர்காலம்

கீ அரீனா தனியார் பணத்தில் முழுமையாக மீளக் கட்டப்பட்டு 2021 அக்டோபரில் வேறு பெயரில் திறக்கப்பட்டது. பனிவளைதடி ஆட்ட அணி ஒன்று அங்கு விளையாடுகிறது. 2006இல் வாக்காளர்கள் மறுத்த பொதுப் பணம் இல்லாமலேயே தரமான அரங்கம் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் தாமதமாக. 2025 டிசம்பரில் என். பி. ஏ. ஆணையர் ஆடம் சில்வர், சங்கத்தை விரிவாக்குவது பற்றி 2026இல் தீர்மானிக்கப்படும் என்றும், சியாட்டிலும் லாஸ் வேகாசும் கருத்தில் உள்ளன என்றும் கூறினார்.

விரிவாக்கத்தில் புதிய அணிகள் செலுத்தும் நுழைவுத் தொகையை வீரர்களுடன் பகிர வேண்டியதில்லை. பழைய உரிமையாளர்களே பிரித்துக்கொள்வர். அதே வேளையில் தேசிய ஒளிபரப்புப் பணம் 30க்குப் பதிலாக 32 பங்காகும். அத்துடன் கணக்கில் எழுதப்படாத ஓர் இழப்பும் உண்டு. 2008 முதல் எந்த நகரம் அரங்கம் கட்டத் தயங்கினாலும் சுட்டிக்காட்டப்பட்ட பெயர் சியாட்டில். அங்கு அணி அமைந்துவிட்டால் அப்பெயரைச் சொல்லிப் பேரம் பேச இயலாது. எஞ்சும் நகரங்களுள் ஒன்று கேன்சஸ் சிட்டி. 1985இல் கிங்ஸை இழந்த அந்நகரம், அணி வரும் என்ற நம்பிக்கையில் 2007இல் ஏறத்தாழ 19,000 பேர் அமரக்கூடிய அரங்கம் ஒன்றைத் திறந்தது. என். பி. ஏ. அணி எதுவும் வராத நிலையில் இசை நிகழ்ச்சிகளும் கல்லூரிப் போட்டிகளுமே அதனை நிரப்பி வந்துள்ளன.